மேல்தளத்தில் ஒரு புள்ளி

பால்தோவினோதான் சொன்னான்,
கப்பலின் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே:
"மூணே நிமிஷம். அவ குளிக்கப் போறப்ப போட்டுடு.
போன்ல இருக்கிற சுவடே தெரியாது."
அவன் மகனைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை.
மகன் அவனோடு பேசி எட்டு மாதமாகிறது.

எனக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று.
விரலில் எண்ணெய்ப் பிசுக்கு,
திரை என் தொடுதலை நம்பவில்லை.
குளியலறையில் தண்ணீர் நின்றபோது
நெவென்காவின் போன் மேசைமேல்
வைத்த இடத்திலேயே இருந்தது.
நான்தான் வைத்த இடத்தில் இல்லை.

முதல் வாரம் படித்தது:
வேதியியல் தேர்வுக்கு வரக்கூடிய ஆறு கேள்விகள்.
முடிக்குப் பச்சைச் சாயம், எந்தக் கடையில் மலிவு.
தோழிக்கு அவள் அனுப்பிய ஒலிப்பதிவு, பதினோரு விநாடி.
போட்டுக் கேட்டேன்.
என் குறட்டை.
கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.
பூந்தா அரேனாஸ் முழுக்கக் கேட்டிருக்கிறது,
கடைசியாக நான்.

இரண்டாம் வாரம், இரவு இரண்டே காலுக்கு
கூகிளிடம் கேட்டிருந்தாள்:
ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போகும்போது
என்ன வாங்கிப் போக வேண்டும்?
யார் வீடு என்று கூகிள் கேட்கவில்லை.
என்னாலும் கேட்க முடியவில்லை.
ஒட்டுக்கேட்டவனுக்கு வாய் கிடையாது.

வெள்ளிக்கிழமை. ஜூலை.
காலை ஒன்பதாகியும் விடியாத வானம்.
எந்திர அறையில் காதடைப்பானோடு நின்று பார்க்கிறேன்:
பள்ளியில் இருக்க வேண்டிய நீலப் புள்ளி
கடற்கரைச் சாலையில் வருகிறது.
ரொட்டிக்கடையில் நான்கு நிமிஷம் நிற்கிறது.
துறைமுகக் கதவைத் தாண்டுகிறது.
பிறகு
என் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவளும் நானும் ஒரே புள்ளி.
புள்ளிக்கு உயரம் தெரியாது.
நடுவில் பதினான்கு இரும்புப் படிகள்.

ஏறிப் போய் என்ன சொல்வேன்?
சும்மா வந்தேன் என்றா?
பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட
நடுக்கடலில் நான் மேலே வந்ததில்லை.
அவளுக்கு அது தெரியும்.
அதை நம்பித்தான்
அப்பாவின் கப்பலிலேயே ஏறியிருக்கிறாள்.
திருடனுக்குத் தேள் கொட்டிய கதை,
கத்தினால் முதலில் பிடிபடுவது நான்.

கரை மறைந்ததும் சிக்னல் போயிற்று.
புள்ளி சாம்பல் நிறமாகி
எங்களுக்குப் பின்னால், தண்ணீரில், நின்றுவிட்டது.
கப்பல் போய்க்கொண்டே இருந்தது.
மேலே காற்று.
மகெல்லன் ஜலசந்தியின் காற்று,
கதவைக் கீலோடு பிய்க்கிற காற்று.
தொப்பி போட்டிருப்பாளா?
இத்தனை படித்தேன்,
அது மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பயணிகள் கூடத்துக்குப் போகும்
வெந்நீர்க் குழாயின் சிவப்புத் திருகை
ஒரு சுற்று திறந்தேன்.
யோசித்துவிட்டு
இன்னும் அரைச் சுற்று.

பால்தோவினோ படியில் தலையை நீட்டினான்.
"மேல எல்லாரும் கோட்டைக் கழட்டுறாங்க,
என்னய்யா பண்றே?"
வால்வு பழசு என்றேன்.
பச்சை முடியோடு யாராவது
என்று தொடங்கி, இருமிவிட்டேன்.

போர்வெனீரில் கப்பலைக் கட்டியபோது
என் வட்டச் சன்னல் கடல் பக்கம் இருந்தது.
யாரோ கையசைத்திருக்கலாம்.
ரொட்டிப் பை கைமாறியிருக்கலாம்.
எனக்குக் கிடைத்தது
பாறையில் இறக்கை உலர்த்தும் இரண்டு நீர்க்காகம்.

திரும்பும்போதும் வந்தாள்.
திருகை நான் மூடவில்லை.

இரவு பருப்புச் சூப், இரண்டு தட்டு.
கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.
"ஸ்கூல் ஹீட்டருக்கு இன்னிக்குப் பைத்தியம்," என்றாள்
கரண்டியைப் பார்த்துக்கொண்டே.
"சட்டையெல்லாம் வேர்த்துடுச்சு."
"அப்படியா," என்றேன்.
"வால்வு பழசா இருக்கும்."

கரண்டி நின்றது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நான் உப்பைத் தேடினேன்,
உப்பு என் கையருகிலேயே இருந்தது.